கைதட்டியும் எழுந்து வராத பெண்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் அக்கா மகள் ஃபோன் போட்டு என் தலையில் கட்டியது.

"சித்தி, சும்மாதானே இருக்கீங்க?"

எழுதுகிறவளைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. நான் ஒரு நாவலின் நடுவில் மாட்டிக்கொண்டு விழி பிதுங்கிக் கிடந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சும்மா இருப்பது மாதிரிதான் தெரியும். "ஆமாண்டி, சொல்லு" என்றேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறாள். அங்கே பெண்கள் விடுதியின் மாணவர் தலைவி. "புதுசா வர்ற மாடித் தலைவிங்களுக்குப் பயிற்சி குடுக்கணும். நடிச்சுக் காட்ட நாலஞ்சு சீன் வேணும். நாங்களே எழுதினா எல்லா சீன்லயும் எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்க. நீங்கதான் எழுத்தாளராச்சே" என்றாள்.

அந்த 'ஆச்சே'வில் நான் விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

மாடித் தலைவி என்றால் என்னவோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விடுதியை நடத்துவதே பிள்ளைகள்தான். வாசல் மேசையில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுப்பவள் மாணவி. வந்த பார்சல்களைப் பெயர் பார்த்து அடுக்குபவள் மாணவி. சலவை மெஷினில் யாரோ மறந்துவிட்டுப் போன ஈரத்துணியைத் திட்டிக்கொண்டே உதறிக் காயப்போடுபவளும் மாணவிதான். இவர்களில் மாடிக்கு ஒருத்தி தலைவி. பல்பு போனால் அவள் கதவைத் தட்டுவார்கள், காய்ச்சல் வந்தால் தட்டுவார்கள், காதல் முறிந்தாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். அவளுக்கும் அடுத்த நாள் பரீட்சை இருக்கும். வயது இருபது! எனக்கு இருபது வயதில் தலைவலிக்கு எந்த மாத்திரை போடுவது என்று அம்மாவைக் கேட்காமல் தெரியாது.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

தொடக்கம் அ: "நீண்ட வராந்தாவின் இரு பக்கமும் மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவின் பின்னாலும் ஓர் உலகம்—"

(ஐயோ, வேண்டாம். உலகமெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, நாற்காலி முதுகில் காயும் துண்டு. அவ்வளவுதான்.)

தொடக்கம் ஆ: "அன்று மதியம் அலாரம் தன் அறையில்—"

(அலாரம் யாரென்று சொல்லாமல் எங்கே ஓடுகிறாய்?)

சரி, சொல்லிவிடுகிறேன். அலாரம் இரண்டாவது மாடியின் தலைவி. பரீட்சைக் காலையில் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் எழுப்பிவிடுவாள். எழுந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, கால் தரையில் பட வேண்டும், அப்போதுதான் அடுத்த கதவுக்குப் போவாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யாருக்குக் குழாய்த் தண்ணீர் பட்டால் தும்மல் வரும், எந்த அறையின் தாழ்ப்பாளை மேல்நோக்கித் தூக்கித் திறக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. விடுதியில் யாரைக் கேட்டாலும், "அலாரம் அக்கா இல்லன்னா நாங்க அம்போதான்" என்பார்கள்.

நான் விடுதிக்குப் போன அன்று என்னைப் பார்த்ததும், "நீங்கதான் சித்தியா? எங்களுக்கும் சித்திதான்" என்று என் பையை வாங்கிக்கொண்டாள். நாற்காலி போட்டாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்குச் சட்டென்று யாரையும் பிடிக்காது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

3

அந்தப் பயிற்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மூடிய கதவு'. புதுப் பிள்ளைகள் வருவதற்கு முந்தைய வாரம் நடக்கும்; பழைய பிள்ளைகளுக்கு வகுப்புகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். பழைய தலைவிகள் ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கையில் ஒரு அட்டை இருக்கும். அதில் எழுதியிருக்கும் கஷ்டத்தை நடிக்க வேண்டும். புதியவள் வந்து கதவைத் தட்டி, தான் யாரென்று சொல்லி, உள்ளே போய்ச் சமாளிக்க வேண்டும். 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லக் கூடாது. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யக் கூடாது. மற்ற நாங்கள் எல்லோரும் அதே அறைக்குள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து பார்ப்போம், மூச்சு விடக் கூடாது. விடுதிக்குப் பொறுப்பான மேலாளர் அம்மா கைதட்டினால் நாடகம் முடிந்தது.

அந்தக் கைதட்டலுக்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அதுவரை விக்கி விக்கி அழுதவள் அந்த நொடியிலேயே எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்படி பண்ணினேன்?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பத்துப் பக்கம் எழுதி ஒருத்தியை அழ வைப்பேன். இவர்கள் ஒரு அட்டையை ஒரு முறை படித்துவிட்டு அழுகிறார்கள், கைதட்டினால் நிறுத்துகிறார்கள்.

அட்டைகளை எழுதியது நான். ஒன்றில், சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போடும் அறைத்தோழிகள். இன்னொன்றில், அலமாரிக்குள் பூனை வளர்ப்பவள். (பூனைக்காக என் அக்கா மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.) மூன்றாவது அட்டை: 'மூன்றாம் வருடம். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.'

மூன்றாவது அட்டையை அலாரம் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். "இது எனக்கு வரும்" என்றாள். "ரூமும் என்னுதையே எடுத்துக்கலாம், வேற ரூம் தேட வேணாம்."

(இந்த இடத்தில் கெட்டிக்கார எழுத்தாளர் யாராக இருந்தாலும் உண்மையை மறைத்து வைத்து, கடைசியில் உங்கள் முகத்தில் அடிப்பார். எனக்கு அந்த விளையாட்டில் இப்போது மனசு இல்லை. அந்த அறையில் எங்கள் யாருக்கும் தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

அந்த அட்டையில் இருந்தது அலாரத்தின் சொந்தக் கதை. போன வருடத்துப் பாடங்களில் பாதி போயிற்று. அதற்குப் பிறகு வகுப்பு வாசல் வரை போவாள், திரும்பி விடுதிக்கு வந்து யாருக்காவது ஏதாவது செய்துகொண்டிருப்பாள். விடுதியில் கெட்டிக்காரி, வகுப்பில் காணாமல் போனவள். புதுப் பிள்ளைகள் வந்து இறங்கும் காலையில், ஊரே பெட்டியும் கையுமாக உள்ளே வரும்போது, ஒரு பெட்டி மட்டும் வெளியே போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? அன்றைக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வீட்டுக்கும் போகப் போவதில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, மீதிப் படிப்பை அங்கிருந்தே முடித்துக்கொள்கிறேன் என்று ஃபோனில் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தாள். இதையெல்லாம் பின்னால் அவளே என்னிடம் சொன்னாள்.

ஆக, இந்தக் கதையில் ஒரே ஒரு கேள்விதான். அவள் யாரிடமாவது வாயைத் திறப்பாளா, இல்லை அந்தப் பெட்டியோடு போய்விடுவாளா?

4

அலாரத்தின் அறைக்குள் போனதும் நான் அசந்துபோனேன். சுவரில் ஒன்றும் இல்லை. படம் ஒட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. கட்டிலடியில் ஒரு பெட்டி, மேலே வாய் திறந்த ஒரு தோள்பை. மெத்தை விரிப்பு மடித்துத் தலைமாட்டில் இருந்தது. "அடேயப்பா, ஒரு அட்டைக்காக ரூமையே காலி பண்ணியிருக்கா பாரு!" என்று அக்கா மகளின் காதில் சொன்னேன். "அவ அப்படித்தான் சித்தி, எதைச் செஞ்சாலும் முழுசா செய்வா" என்றாள் அவள் பெருமையோடு.

அந்த அறைக்கு வர வேண்டியவள் மியூட்.

(மியூட் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நிஜ மனுஷிதான், நான் கண்ணால் பார்த்தவள்தான், இருந்தாலும் கதையில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். வாய் திறக்க மாட்டாள், அதனால் மியூட். முதல் நாள் பூனைக் காட்சியில் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து "யாரு?" என்றார்கள். "நான்தான்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பூனையாக நடித்த பெண்ணே சிரித்துவிட்டாள். இப்படிப்பட்டவளை மாடித் தலைவியாக எப்படி எடுத்தார்கள் என்று மேலாளர் அம்மாவிடம் கேட்டேன். "நேர்காணல்ல எல்லாரும் நல்லா பேசினாங்க. இவ நல்லா கேட்டா" என்றார். இந்த மாதிரி பதிலை நான் கதையில் எழுதியிருந்தால் நானே அடித்திருப்பேன். என்ன செய்ய, அவர் அப்படித்தான் சொன்னார்.)

கதவு தட்டப்பட்டது. "நான் இந்த மாடித் தலைவி. உள்ள வரலாமா?"

"தொறந்துதான் இருக்கு."

மியூட் வந்தாள். நாற்காலி காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்தாள். அலாரம் கட்டிலில், ஷூ போட்ட காலோடு.

"தினமும் கிளாசுக்குப் போகணும்னு ஷூ போடுறேன். ஷூவோட இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள் அலாரம். அட்டையின் பின்பக்கம் நான் எழுதிக் கொடுத்த வரி அது. சத்தம் வராமல் என் உதடும் கூடவே அசைந்தது. எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சுகம் கிடையாது.

புதியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில், "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுத்திருக்கிற கேள்வி அது. இவள் கேட்கவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். தோள்பையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அலாரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். 'மறுபடியும் மறந்துட்டா, பாவம்' என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அலாரம் பேசினாள்.

"அப்பா தினமும் சாயங்காலம் ஃபோன் பண்ணுவாரு. இன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சும்மான்னு கேப்பாரு. சொன்னா அவருக்குப் புரியாது. ஆனா கேட்டுக்கிட்டு இருப்பாரு. எனக்குத்தான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்லையே. போன வருஷப் பாடத்தையே எடுத்துச் சொல்லிட்டிருந்தேன். நேத்து, 'இதை முன்னாடியே சொல்லியிருக்கியேம்மா'ன்னாரு."

இது என் வரி இல்லை.

எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை அப்படியே எழுதுகிறேன், திட்டிக்கொள்ளுங்கள்: 'சே, இது எனக்குத் தோணாம போச்சே.' புரியாத பாடத்தை ஞாபகம் வைத்திருக்கிற அப்பா! எவ்வளவு அருமையான கற்பனை, இந்தப் பெண்ணை உட்கார வைத்து எழுதச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'செம்ம' என்று ஒருத்திக்கொருத்தி சைகை காட்டினார்கள்.

மேலாளர் அம்மா கைதட்டினார்.

அலாரம் எழுந்திருக்கவில்லை.

5

(இந்த இடத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். 'காலம் உறைந்தது' என்று எழுதி அடித்தேன். 'அறையில் ஒரு—' என்று தொடங்கி, ஒரு என்ன என்று தெரியாமல் விட்டுவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

மேலாளர் அம்மா இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகத் தட்டினார். யாரோ சிரித்தார்கள். "அக்கா, போதும், எந்திரிங்க, ஓவரா பண்றீங்க" என்றாள் ஒருத்தி. அலாரம் ஷூவைப் பார்த்தபடி இருந்தாள். அவள் தோள் மட்டும் ஏறி இறங்கியது.

மியூட் எழுந்தாள். எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில போங்க."

பயிற்சிக்கு வந்தவள் சொல்கிறாள்! யாரும் அசையவில்லை. அவளுக்கு உதடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் நின்ற இடத்தில் நின்றாள்.

"மேடம், நீங்க படிக்கட்டுகிட்ட இருங்க. எங்களுக்கு நீங்க வேணும், நான் வந்து கூப்பிடுறேன். மத்தவங்க போகட்டும். சித்தி, நீங்களும்."

எழுதியவளையே வெளியே போகச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். அடுத்த நொடிதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் நல்ல நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவள் ஒருத்திதான் கஷ்டப்படுகிற ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாள்.

நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். கதவு சாத்தப்பட்டது.

6

உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது.

நான் வராந்தாவில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கே நின்றால் காதில் விழும் என்று என் காலுக்குத் தெரிந்திருக்கிறது. மெல்லிய பலகைக் கதவு. ஃபோன் மணி அடிக்கிற சத்தம், ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள் போல. பிறகு அலாரத்தின் குரல். "அப்பா." கொஞ்சம் இடைவெளி. "அப்பா, ஒண்ணு சொல்லணும்—"

மேலாளர் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "வாங்க, தள்ளிப் போவோம்" என்று படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல பிடி. நான் வாழ்க்கையில் கேட்க ஆசைப்பட்ட வசனங்களில் அதுதான் முதல் இடம், அதைக் கேட்க விடாமல் செய்தவர் அவர். அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாளா அவகிட்டதான் எல்லாரையும் அனுப்பிட்டிருந்தேன்" என்றார். படிக்கட்டில் உட்கார்ந்தோம். பிள்ளைகளும் வந்து ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தார்கள். அந்த வயதில் அத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வெகுநேரம் கழித்து மியூட் வந்து, "மேடம், வாங்க" என்றாள். திரும்பிப் போகும்போது அவள் கை, படியில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகளின் கையை ஒரு நொடி தேடிப் பிடித்துக்கொண்டது.

பின்னால் ஒரு நாள் மியூட்டைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "எப்படிடி தெரிஞ்சுது உனக்கு?"

"பை தொறந்திருந்துச்சு. உள்ள டூத் பிரஷ் இருந்துச்சு."

"அதனால?"

"நடிக்கிறதுக்கு யாரு சித்தி பிரஷ்ஷை எடுத்து வைப்பாங்க? ராத்திரி பல்லு விளக்கணுமே."

நானும் அந்தப் பையைப் பார்த்தேன், எனக்கு அரங்க அமைப்புதான் தெரிந்தது. "உள்ள என்ன பேசினீங்க?" என்று கேட்டேன். சிரித்தாள், தலையை ஆட்டினாள், போய்விட்டாள். மியூட் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

7

இனி முடிவு. இதில்தான் சிக்கல்.

முடிவு அ: புதுப் பிள்ளைகள் வரும் காலை. உள்ளே வரும் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டி வெளியே போகிறது. அலாரம் தன் அப்பாவோடு—

(இதை அக்கா மகளிடம் படித்துக் காட்டினேன். "தோத்துப் போய்ட்டா மாதிரி எழுதியிருக்கீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் தங்கிப் படித்துத் தேறுகிறாள். பட்டமளிப்பு விழா. அப்பா முன் வரிசையில். கைதட்டல்—

("ஐயே" என்றாள். "விளம்பரப் படம் மாதிரி இருக்கு." இதையும் அடித்தாயிற்று.)

முடிவு இ: அவள் படிப்பை மாற்றிக்கொண்டு, பிறகு இதே விடுதிக்கு மேலாளராக வந்து, மூடிய கதவுப் பயிற்சியில் புதுப் பிள்ளைகளுக்கு—

("சித்தி, அவ மனுஷி. நீங்க அவளை ஏதோ பொம்மை மாதிரி இங்க வைக்கிறீங்க, அங்க வைக்கிறீங்க." இவளுக்கு என் அக்காவின் நாக்கு அப்படியே வந்திருக்கிறது. "மியூட்டையும் தெய்வமாக்கிட்டீங்க. கதவு தட்டுறதுக்கு முன்னாடி அவ எனக்கு வாந்தி வருதுன்னு பாத்ரூமுக்கு ஓடினா. அதை ஏன் எழுதல?" எழுதிவிட்டேன், இதோ.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாளே அப்பா வந்துவிட்டார். விருந்தினர் அறையை மேலாளர் அம்மா திறந்துவிட்டார். புதுப் பிள்ளைகள் வந்து இறங்கிய காலையில் இரண்டாவது மாடியில் மியூட் நின்றாள். பெட்டி தூக்கினாள், சாவி மாட்டிக்கொண்ட கதவுகளைத் திறந்துவிட்டாள், ஒருத்தியின் அம்மா அழுதபோது பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கீழே விருந்தினர் அறையில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். வருடத்தைத் திரும்பப் படிப்பதா, வீட்டுக்குப் போவதா, வேறு ஏதாவதா என்று.

அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அக்கா மகள் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. இன்று மதியம் அலாரத்துக்கு ஃபோன் செய்தேன்.

8

"எழுதிக்கோங்க சித்தி. ஷூ, அப்பா, எல்லாமே எழுதிக்கோங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. தூங்கி எழுந்த குரல்.

"முடிவு மட்டும் வேணும்மா" என்றேன். "என்ன பண்ணப் போற? இருக்கியா, போறியா? நீ சொல்றதைத்தான் போடுவேன்."

பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. "யாரும்மா அது?"

"கதை எழுதுறவங்கப்பா. சொன்னேன்ல, சித்தின்னு."

"என்ன கதை?"

"நம்ம கதைதான்."

"அட! முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லப்பா. எப்படி முடியும்னு நம்மளைத்தான் கேக்குறாங்க."

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அவங்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லும்மா" என்றார் அப்பா. "நாம முதல்ல போய் சாப்பிட்டுட்டு வருவோம். நீ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

"சித்தி, அப்பா—"

"கேட்டுச்சும்மா. போய்ட்டு வாங்க" என்றேன்.

ஃபோன் வைத்தாயிற்று. அவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். உங்களுக்கு அவசரம் இருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கப் போவதில்லை. எனக்கு என்னவோ, அவர்கள் வரும்வரை இருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.